நான்கு என்ற கூரை

இயற்பியல் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலரில், பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். மின்வாரியப் பொறியாளர், பள்ளித் தலைமையாசிரியர் என்று யாராவது எழுதுவார்கள். இந்த ஆண்டு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பது. இதே கல்லூரியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேட்க வந்த மாணவிக்கே அது கூச்சமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீகக்கா. ஆராய்ச்சிய விட்டுட்டு வந்துட்டீக. அதுவும் ரிட்டயர்மெண்ட் மாதிரிதான?" என்றாள். பிறகு, "நாங்கள்லாம் இப்ப புரோகிராம கம்ப்யூட்டர்ட்டயே சொல்லி எழுதி வாங்கிக்கிறோம். நீங்க ஒவ்வொரு வரியும் நீங்களே எழுதுனதா சார் சொன்னாக. அதப் பத்தி எழுதுங்க" என்றாள்.

ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன் என்பது உண்மை. தவறான வரியையும் நானேதான் எழுதினேன். எழுதுவதென்றால் அதைப் பற்றித்தான் எழுத முடியும் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, மூன்று வாரம் அவகாசம் தந்தாள்.

படித்த ஆண்டுகளைச் சுருக்கிவிடுகிறேன். ஓடைப்பட்டியில் பள்ளி. பழனிசெட்டிபட்டியில் பெரியம்மா வீட்டில் தங்கி இதே கல்லூரியில் இளங்கலை இயற்பியல். வெளியூரில் முதுகலை. பின்னர் ஒரு நுழைவுத்தேர்வு; அதன் பயனாக வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு. முதல் இரண்டு ஆண்டுகள் பாடமும் தேர்வுமாகப் போயின. வேலை என்று சொல்லத்தக்கது மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது.

அந்த வேலை இன்னது என்று விளக்க வேண்டும். அணுக்களை, இதற்குமேல் குளிராது என்னும் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் வரும்வரை குளிரவைத்தால், அவை தனித்தனிப் பொருள்களாக இருப்பதை விட்டு ஒரே அலையைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். லேசர்க் கதிர்களை எதிரெதிரே செலுத்தினால் ஒளியிலேயே வரிசையாகக் குழிகள் உண்டாகும். முட்டை அட்டையில் முட்டைகளை வைப்பதுபோல அந்தக் குழிகளில் அணுக்களை வைக்கலாம். இதைச் சோதனைக்கூடத்தில் செய்பவர்கள் வேறு. நான் கோட்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஆறு ஆண்டுகளில் ஒரு குளிர்ந்த அணுவையும் நான் நேரில் கண்டதில்லை. அவை என்ன செய்யும் என்று கணக்கிடுவது மட்டுமே என் பணி.

எனக்குத் தரப்பட்ட கேள்வி இது. இரண்டு வகை அணுக்கள். ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும். வேறு வகை அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். விலக்கல் மிகுந்தால் எல்லாம் பரவிவிடும். ஈர்ப்பு மிகுந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே, விளிம்பில், குவாண்டம் அதிர்வுகள் தாங்கிப் பிடிப்பதால் அணுக்கள் ஒரு துளியாக நிற்கும். பாத்திரம் இல்லாமல், தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் துளி. இதுவரை எல்லோருக்கும் தெரியும். குழிகள் இருந்தால் அந்தத் துளி விளிம்பைத் தாண்டி எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் நான் பார்க்க வேண்டியது.

இதில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு குழியில் எத்தனை அணுக்கள் இருக்கலாம் என்பதற்கு இயற்கையில் வரம்பு இல்லை. கணிப்பொறியின் நினைவகத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே புரோகிராம் எழுதுபவர் ஓர் எண்ணைக் கையால் வைப்பார்: ஒரு குழியில் ஒரு வகை அணு நான்குக்கு மேல் இராது. இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் கூரை. நான்கு என்றால் ஒவ்வொரு வகைக்கும் சுழி முதல் நான்கு வரை ஐந்து வாய்ப்பு; இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரு குழிக்கு இருபத்தைந்து நிலைகள். ஆறு என்றால் நாற்பத்தொன்பது. நான்கில் நாலு மணி நேரத்தில் முடியும் கணக்கு, ஆறில் மூன்று நாள் ஓடும். கூரை வைப்பது தவறன்று. உலகம் முழுவதும் வைக்கிறார்கள். அணுக்கள் அந்த உயரத்துக்கு வருவதே இல்லை என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டின் நடுவில் அம்மாவுக்கு இடுப்பில் அறுவைசிகிச்சை நடந்தது. ஒரு மாதத்துக்கென்று ஓடைப்பட்டிக்கு வந்தேன். மூன்றரை ஆண்டுகள் இருந்தேன். யாரும் தடுக்கவில்லை; யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. கோட்பாட்டு ஆய்வுக்கு ஒரு மேசையும் இணைய இணைப்பும் போதும். என் கணக்குகள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குளிரூட்டிய அறையில் ஓடின. மாடி அறையின் சன்னலுக்கு நேர்கீழே திராட்சைப் பந்தல். அதன்மேல் பார்வையை ஓட்டினால் மேற்கே மலை. காலையில் அப்பா மருந்தடிக்கப் போவார். இயந்திரத்தின் சத்தம் பந்தலுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் மணி பத்து.

நான் செய்வது இன்னதென்று அந்தப் பள்ளத்தாக்கில் யாரிடமும் சொன்னதில்லை. கேட்காமல் இல்லை. கொடியைக் கவாத்து வெட்ட வந்த ஆட்களில் ஒருவர், "பாப்பா மாடியில என்னத்தப் படிக்குது?" என்று கேட்டபோது, அப்பா, "ஏதோ குளிர் சம்பந்தமா" என்றார். "ஃபிரிட்ஜா?" "அதவிடக் குளிராம்." அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா சொன்னதில் பிழை ஏதுமில்லை.

வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, என் மேற்பார்வையாளர் எஸ்தர் மேடம் திரையில் வருவார். மற்ற நாள்களில் துளியும் நானும்தான்.

மேடத்தின் சொந்த ஊர் போடி. கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு ஹார்டுவேர் கடை உண்டு. நிறுவனத்தில் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் பேசுபவர், என் விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரைக் கண்ட அன்று முதல் என்னிடம் போடித் தமிழில்தான் பேசினார். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே, "ஓடப்பட்டியா? விதையில்லாததா, பன்னீரா?" என்பதுதான். "விதையில்லாதது" என்றேன். "அப்ப சரி, கணக்கப் பாப்பம்" என்றார். மற்ற தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவருடைய முறை கண்டிப்பானது. கூட்டம் தொடங்கியதும் அந்த வாரத்து விடையை மூன்று வாக்கியங்களில், குறியீடு எதுவும் இல்லாமல், நின்றுகொண்டு சொல்ல வேண்டும். திரைக்கு முன்னாலும் நின்றேதான் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தில் "ஏறத்தாழ" என்று வந்தால், "எத்தனைக்கு ஏறத்தாழ?" என்பார். பாராட்டமாட்டார். விடை சரியாக இருந்தால், "ம், அடுத்தது." தவறாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதைப் பொறுத்துத் தவற்றின் அளவை நாங்கள் கணித்துக்கொள்வோம்.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் கோடில்லாத நோட்டில் ஒரு பக்கம். கையால் வைத்த எண்கள் எவை, எந்த இடத்தில் வைத்துச் சோதித்தேன், விடை மாறியதா என்று மையால் எழுதித் தேதியிட வேண்டும். அவர் பார்த்து, ஏற்றதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு கோடு கிழிப்பார். என் நோட்டின் பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "கூரை 4, 5, 6. விடை மாறவில்லை. சரி." கீழே என் கையெழுத்து. ஓரத்தில் அவருடைய கோடு.

சோதித்தது உண்மை. விடை மாறாததும் உண்மை. ஆனால் சோதித்த இடம் விளிம்புக்கு இப்பால், ஈர்ப்பு குறைந்த பகுதி. அங்கே ஒரு குழியில் இரண்டு அணுவுக்கு மேல் வருவது அரிது. கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. பிறகு இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாக விளிம்பைத் தாண்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் செலவழித்துக் கூரையைச் சோதிக்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை. நோட்டில்தான் "சரி" என்று எழுதியிருந்ததே.

விளிம்புக்கு அப்பால் அந்தத் துளி நின்றது. நொறுங்கியிருக்க வேண்டிய இடத்தில், ஈர்ப்பின் அளவில் ஒரு குறுகிய பட்டை முழுவதும் நின்றது. நடுவில் ஒரு வகைக்குச் சராசரி மூன்று அணு. எவ்வளவு கூட்டம் சேர்ந்தாலும் அதற்குமேல் நெருங்காமல் தாமாகவே நின்றுவிடும் அணுக்கள். முதன்முதலில் அதைக் கண்ட காலையில், கீழே போய் அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. படி இறங்கி அடுப்படி வரை போய், தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்தேன்.

மேடத்திடம் மூன்று வாக்கியங்களில் சொன்னேன்.  அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். "எழுது" என்றார். ஆறு ஆண்டுகளில், விடையை ஏற்றுக்கொண்டும் அவர் "அடுத்தது" என்று சொல்லாதது அன்று மட்டும்தான்.

கட்டுரை எழுதினோம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டது. அதை வைத்து வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஆய்வுப்பணி முடிவாயிற்று. என் ஆய்வேட்டின் ஐந்து இயல்களில் மூன்று அந்தத் துளியைப் பற்றியவை. அம்மா உத்தமபாளையத்துச் சொந்தக்காரர்கள் வரை சொல்லிவிட்டு, எனக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்தாள்.

அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதே நாளில் இன்னொரு மின்னஞ்சலும் வந்தது. ஐரோப்பாவில் ஒரு சோதனைக் குழுவினர் எங்கள் கட்டுரையின் முன்வரைவைப் படித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு முழுவதையும் அந்தப் பட்டையைத் தேடுவதற்கே ஒதுக்க எண்ணுவதாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கேள்வி: துளியின் நடுக்குழியில் மூன்றும் அதற்கு மேலும் அணுக்கள் கூடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? மூன்று அணுக்கள் ஒரே குழியில் மோதினால் அவை, அணுக்களைப் பிடித்துவைக்கும் லேசர்ப் பொறியிலிருந்து தப்பிவிடும். துளி எத்தனை நேரம் நிலைக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எளிய கேள்வி. நான் அதுவரை சராசரியை மட்டுமே பார்த்து வந்தேன். மூன்று என்பது நான்குக்குக் கீழ்தானே என்று மனம் அமைதியாக இருந்தது. இப்போது நடுக்குழியின் வாய்ப்புகளைத் தனித்தனியே எடுத்துத் தூண்களாக வரைந்தேன். அணு இல்லாமல் இருப்பதற்கான தூண் கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்று, சிறிது. இரண்டு, அதைவிட உயரம். மூன்று, இன்னும் உயரம். நான்குதான் எல்லாவற்றிலும் உயரம். அதன் வலப்புறம் ஒன்றுமில்லை. இயல்பான ஒரு படம் உச்சிக்குப் பிறகு மெல்லச் சரிந்து அடங்கும். இது உச்சியிலேயே செங்குத்தாக அறுபட்டிருந்தது.

ஐந்து என்ற எண்ணே என் புரோகிராமில் இல்லை. அணுக்கள் தாமாக நிற்கவில்லை. நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்தேன். அறுபது குழிகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு குழிகளை மட்டும் வைத்து, கூரையை ஐந்துக்கு உயர்த்தி ஓடவிட்டேன். நடுப்பகலில் மின்சாரம் போயிற்று. கணக்கு தொலைவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எனக்குத்தான் தெரியாது. கைபேசியில் சிக்னல் கிடைப்பது மாடித் தண்ணீர்த்தொட்டியின் பக்கத்தில் மட்டும். அங்கே போய் வெயிலில் உட்கார்ந்தேன். கூரை நான்கில் நடுச்சராசரி மூன்று. ஐந்தில், நான்கை நெருங்கியது. ஆறில், ஏறத்தாழ ஐந்து. எத்தனைக்கு ஏறத்தாழ என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கூரையை எவ்வளவு உயர்த்தினாலும் அணுக்கள் அதை முட்டிக்கொண்டு நின்றன. கூரையே இல்லாவிட்டால் எல்லாம் நொறுங்கிவிடும். அந்தப் பட்டையில் துளி என்று ஒன்று இல்லை.

கீழே பந்தலிலிருந்து அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, வெயிலுக்குள்ள என்ன செய்யிற அங்கன?"

"சிக்னலுப்பா."

"துண்டாச்சும் தலையில போட்டுக்க."

மறுநாள் செவ்வாய். மேடம் விடுப்பில் போடிக்கு வந்திருந்தார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். மூன்றாவதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஆகவே படங்களை அச்செடுத்துக்கொண்டு தேனிக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து போடிக்குப் போனேன்.

கடை நீளமானது. முன்பகுதியில் கயிறும் மண்வெட்டியும் பிவிசி குழாய்களும். பின்பகுதியில் பெயிண்ட் டின்கள். டின்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மேடம் உட்கார்ந்து யாருடைய ஆய்வேட்டையோ படித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அவருடைய தம்பி.

"அக்கா, ஒன்னயத் தேடி ஒரு புள்ள வந்துருக்கு. லீவுலயும் விடமாட்டாகளா ஒன்னய?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தவர், என்னிடம், "நீதான் அந்த ஓடப்பட்டிப் பிள்ளையா? எங்கக்கா ஒன்னயப் பத்தித்தேன் பேசும். சோத்துக்கு ஒக்காந்தாலும் துளி, துளி. நாங்க சொட்டுமருந்தோன்னு நெனச்சோம்" என்றார்.

"டேய், போய்க் காப்பி சொல்லு" என்றார் மேடம். என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா கலை?"

நான் நின்றுகொண்டே சொன்னேன். "நடுக்குழியோட வாய்ப்பப் படம் போட்டேன் மேடம். கூரைய முட்டிட்டு நிக்குது. கூரைய ஒசத்துனா அதுவும் ஒசருது."

தாள்களை வாங்கினார். முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

முன்பக்கம் யாரோ அரை அங்குலக் குழாய் எல்போ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழாம் பக்கம்" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"நானுந்தான கோடு போட்டேன்."

அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப ஒங்களுக்கு."

காப்பி வந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பேசியபோது, குரல் வியாழக்கிழமைக் குரலாக மாறியிருந்தது. "ஒரு வழி இருக்கு. பொய்யில்ல. தலைப்புல ஒரு சொல்லு சேக்கணும். 'நான்குக்கு மேல் அணுக்கள் அனுமதிக்கப்படாத கணித மாதிரியில்' அப்படின்னு. முன்னுரையில ஒரு வரி. அம்புட்டுதேன். அந்த மாதிரிக்கு நீ போட்ட கணக்கு அத்தனையும் சரி. ஒரு எண்ணு மாறாது. அச்சுப்படியிலயே திருத்திரலாம். ஒன் தீசிஸும் நிக்கும், அங்கன வேலையும் நிக்கும்."

அவர் சொன்னது உண்மை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். அது ஏமாற்று அன்று. இல்லாத ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட நல்ல கட்டுரைகள் நிறைய உண்டு. நானே அவற்றைப் படித்துத்தான் கற்றேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் கட்டுரையில் பிழை என்று எவரும் விரல் வைக்க முடியாது. அவர் அதைச் சொன்னது தனக்காக அன்று என்பதும் எனக்குத் தெரிந்தது. தன் கையிலிருந்த தாள்களை அவர் பார்த்த பார்வை, என் இரண்டு ஆண்டு உழைப்பை எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தச் சோதனைக் குழுவின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்தார்.

"அவுக எந்திரத்துல கூரை இருக்குமா மேடம்?"

"எங்கன இருந்து வரும்?"

"அந்த ஒரு சொல்லப் படிச்சுட்டு அவுக வேண்டாம்னு விட்டுருவாகளா?"

மேடம் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். "விடமாட்டாக. வேற ஏதாச்சும் வழியில கூரை மாதிரி வருமான்னு தேடுவாக. ஒரு வருசம் தேடுவாக."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். "எழுது. மூணு வாக்கியம். மன்னிப்பு கேக்காத, வருத்தம்னு எழுதாத. என்ன தப்பு, எப்படித் தெரிஞ்சுச்சு, திரும்ப எடுத்துக்கிறோம். ரெண்டு பேரு பேரும் போடு. எம் பேர மொதல்ல போடு."

"தப்பு பண்ணது நான் மேடம்."

"கோடு போட்டது யாரு? போடுன்னா போடு."

பெயிண்ட் டின்மேல் தாளை வைத்து எழுதினேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். "கருதினோம்" என்பதற்குப் பதிலாக "சோதிக்கவில்லை." அங்கேயே என் மடிக்கணினியைத் திறந்து இதழுக்கு ஒரு படி, சோதனைக் குழுவுக்கு ஒரு படி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி அனுப்பினேன். அவருடைய தம்பி எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆர்டர் கான்சலா?" என்று கேட்டார். மேடம் சிரித்தார். "ஆமடா, கான்சல்" என்றார். என்னையும் சிரிக்கச் சொல்வதுபோல் பார்த்தார். முயன்றேன்.

வீட்டில் அன்று மாலையே சொல்லிவிட்டேன். அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வெளிநாடு இப்ப இல்லம்மா. கணக்குல தப்பு. எழுதிக் குடுத்துட்டேன்."

"தப்பு இருக்குன்னு அவுகளாக் கண்டுபிடிச்சாகளா?"

"இல்ல. நாந்தேன்."

"நீ சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காதா?"

"கொஞ்ச நாளைக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. "அந்தத் தப்பு யாரையாச்சும் என்ன செய்யும்?"

"இல்லாத ஒன்ன ஒரு வருசம் தேடுவாகம்மா."

"ரெண்டு வருசம் நீ தேடுனியே, அது மாதிரியா?" என்றாள். அதில் இளக்காரம் இல்லை. அவளுக்குப் புரிந்திருந்தது அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது. ஆய்ந்த கொத்தமல்லியைத் தட்டில் அள்ளிக்கொண்டே, "ஸ்வெட்டரு கெடக்கட்டும். கொடைக்கானலுக்குப் போனா ஆகும்" என்றாள்.

சோதனைக் குழுவிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, திட்டத்தை மாற்றிக்கொள்கிறோம். பல்கலைக்கழகம், புதிய முடிவுகள் கிடைத்ததும் மீண்டும் எழுதும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டது. இதழில் எங்கள் கட்டுரை வரவேண்டிய இடத்தில் வேறொருவருடைய கட்டுரை வந்தது. அது நல்ல கட்டுரை.

மேடம் இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு ஏற்பாடு செய்தார். வேறொரு கேள்வியும் தந்தார். இன்றும் அது நல்ல கேள்வி என்றே நினைக்கிறேன். மூன்று மாதம் முயன்றேன். வியாழக்கிழமைகளில் நின்றுகொண்டு மூன்று வாக்கியம் சொன்னேன். விடைகள் சரியாகவே இருந்தன.

தவறு செய்ததால் விலகினேன் என்று துறையில் சிலர் எண்ணுவதாக அறிகிறேன். அப்படி இல்லை. தவறு எல்லோருக்கும் நேர்கிறது. அதைச் சொல்லும் முறையும் எங்களுக்கு உண்டு. காரணம் வேறு. அந்த மாடி அறையில் இரண்டு ஆண்டுகள் நான் தனியாக இருந்ததாக நினைத்ததில்லை. உலகில் ஒரு பொருள் இருக்கிறது, அதை முதலில் பார்த்தவள் நான் என்ற நினைப்போடு காலையில் சன்னலைத் திறப்பேன். அது இல்லை என்று ஆனபின், அறையில் நான் மட்டும் இருந்தேன். இயற்பியலின்மேல் எனக்கு இருந்த பற்று என்று எதை நினைத்திருந்தேனோ, அதில் பெரும்பகுதி அந்தத் துளியோடு கொண்ட உறவு. மற்ற கேள்விகளோடு அப்படி ஓர் உறவு எனக்கு உண்டாகவில்லை. ஒரு வேலையைத் திறமையால் மட்டும் செய்யலாம்; பலர் செய்கிறார்கள். எனக்கு முடியவில்லை.

மேடத்திடம் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "முடியல மேடம்" என்றேன். அவர் திரையில் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார். பிறகு, "புரோகிராம ஒழுங்குபடுத்தி ஒப்படச்சுட்டுப் போ. அடுத்து வர்றவன் திண்டாடக் கூடாது" என்றார்.

பதினோரு நாள் அதைச் செய்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் எழுதினேன். தேவையற்றவற்றை நீக்கினேன். கடைசி நாளில் புதிதாக ஏழு வரிகள் சேர்த்தேன். கணக்கு ஓடும்போதே ஒவ்வொரு குழியிலும் உச்ச எண்ணிக்கைக்கான வாய்ப்பை அவை பார்த்துக்கொண்டிருக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் கணக்கை நிறுத்தி, எந்தக் குழி, எவ்வளவு வாய்ப்பு என்று எழுதிவிடும். எழுதி முடித்ததும் சோதிக்க வேண்டும். எந்த இடத்தில் வைத்துச் சோதிப்பது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. கட்டுரையில் நாங்கள் வெளியிட இருந்த அதே எண்களை, முதல் படத்துக்கு உரியவற்றை, அப்படியே கொடுத்தேன்.

முன்பு நாலு மணி நேரம் ஓடி அந்தத் துளியை எனக்குக் காட்டிய கணக்கு, இரண்டாவது நிமிடத்தில் நின்றது. திரையில் ஒரே வரி: "குழி 30. கூரையைத் தொட்டது. விடையை நம்ப வேண்டாம்."

நோட்டில் புதிய பக்கம் எடுத்துத் தேதியிட்டேன். சோதித்த இடத்தை எழுதினேன். "சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். அன்று வியாழக்கிழமை இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் அது திரும்பி வந்தது, ஓரத்தில் ஒரு கோட்டுடன்.